ஒரு கிருமியின் குலவரலாறு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "நீங்க இன்ஜினியர்தானே, பம்பு, வால்வு என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எழுத உட்கார்ந்தால் பம்பு வரவில்லை. 2009-ஆம் ஆண்டு நம் கல்லூரி விடுதி முகவரிக்கு வந்த ஒரு கடிதம்தான் நினைவுக்கு வந்தது. நெருங்கிய இரண்டு மூன்று பேரைத் தவிர யாரிடமும் இதுவரை சொல்லாத விஷயம் அது. இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரத்ததான முகாமும் ஒரு கடிதமும்

அப்போது நான் மூன்றாம் ஆண்டு. என்.எஸ்.எஸ். சார்பில் ரத்ததான முகாம். ரத்தம் கொடுத்தால் பிஸ்கட் பாக்கெட், ஜூஸ், அதோடு மதிய வகுப்புக்கு விடுப்பு! எங்கள் அறையில் இருந்த நாலு பேரும் வரிசையில் நின்றோம். சமூக சேவை மனப்பான்மை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. நான் கொடுத்த ரத்தத்தைப் பயன்படுத்த இயலவில்லை, நேரில் வந்து ஆலோசனை பெறவும் என்று இரண்டே வரிகள். போனேன். ஹெபடைடிஸ் பி வைரஸ் ரத்தத்தில் இருக்கிறது என்றார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்ததில்லை. காய்ச்சல் கூட அபூர்வம். ஹை கிரவுண்டில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையனுக்கு ஈரலில் நோயா?

அறைக்குத் திரும்பியதும் ஒரு நண்பன், பாதி விளையாட்டாகத்தான், "எங்கலே போயி வாங்கிட்டு வந்த?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வி அதற்குப் பிறகு பல வருஷம் என்னோடேயே வந்தது.

ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் மட்டும் "லேசா காமாலை மாதிரியாம்" என்று சொன்னேன். முறப்பநாட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கீழாநெல்லிக்குப் பஞ்சமில்லை. வேரைக் கிள்ளி, கழுவி, அம்மியில் அரைத்து, மோரில் கலந்து கொண்டுவந்து நீட்டினாள். "வெறும் வயித்துல குடிச்சிரு ராசா. எல்லாம் சரியாப் போவும்." ஒரு மண்டலம் குடித்தேன். மறுபடி பரிசோதித்தபோது வைரஸ் அப்படியேதான் இருந்தது.

2011-ல் வளைகுடா நாட்டில் ஒரு வேலை கிடைத்தது. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் 'தகுதியில்லை' என்று முத்திரை குத்தினார்கள். வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டிய நிலை. அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அவளுடைய அண்ணன், என் மாமா, 44 வயதில் ஈரல் புற்றுநோயில் போனவர். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. மாமா ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனாலும் ஊர் நம்பவில்லை. "குடிக்காத மனுஷனுக்கு ஈரல் கெட்டுதுன்னா எவன்ல நம்புவான்?" என்று இழவு வீட்டிலேயே பேசினார்களாம். மாமாவின் பெண்ணுக்கு வந்த வரன் ஒன்று அந்தப் பேச்சிலேயே நின்றுபோனது.

பிறகு நான் பார்த்த கல்லீரல் மருத்துவர் நிதானமானவர். "எங்கே வாங்கினோம்னு உங்க நடத்தையில தேடாதீங்க தம்பி. முதல்ல அம்மாவையும் கூடப்பிறந்தவங்களையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார். செய்தோம். அம்மாவுக்கும் தம்பிக்கும் வைரஸ் இருந்தது. அக்காவுக்கு இல்லை. அப்போது ஊசி மருந்து கொடுக்கலாமா என்று அவர் யோசித்ததால் என் வைரஸ் எந்த வகை என்றும் பார்க்கச் சொன்னார். 'டி' என்று முடிவு வந்தது.

"வைரஸில் வகையா? ஏ, பி, சி, டி என்று ஊருக்கு ஊர் மாறுமா?" என்று கேட்டேன். "அது பெரிய கதை தம்பி, படிச்சுப் பாருங்க" என்று சிரித்தார். படித்தேன். அந்தக் கதையைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

சுரினாமில் முளைத்த கேள்வி

பரூக் புளூம்பெர்க் 1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர். முதலில் படித்தது இயற்பியல், பிறகு கொஞ்சம் கணிதம், அதற்குப் பிறகே மருத்துவம். மாணவராக இருந்தபோது 1950-வாக்கில் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டில், மொயெங்கோ என்ற சுரங்க ஊரில் சில மாதங்கள் பணி செய்தார். கரும்புத் தோட்ட வேலைக்காகப் பல தேசத்து மக்களைக் கொண்டுவந்து குடியேற்றிய நாடு அது. ஆப்பிரிக்கர், ஜாவாக்காரர், சீனர் எல்லாரும் உண்டு. நம் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவர்களும் உண்டு. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு எல்லாரையும்தான் தாக்கியது. ஆனால் பாதிப்பு ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்ததை அவர் கவனித்தார். ஒரே நோய், ஒரே ஊர். மனிதருக்கு மனிதர் ஏன் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு உலகின் பல மூலைகளிலிருந்து ரத்த மாதிரிகள் சேர்த்தார். ரத்தப் புரதங்களில் பரம்பரையாக வரும் வேறுபாடுகளைக் கண்டுபிடிப்பதே நோக்கம். அதற்கு அவர் கையாண்ட முறை எளிமையானது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உடம்பில் பிறருடைய ரத்தப் புரதங்கள் நுழைந்திருக்கும். அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருளும் உருவாகியிருக்கும். அவருடைய ரத்தநீரை ஒரு கூழ்த் தட்டில் நடுவில் வைத்து, சுற்றிலும் வெவ்வேறு மனிதர்களின் ரத்தநீரை வைத்தால், பொருந்துகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும்.

1963-வாக்கில் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ரத்தம் உறையாமை நோயாளியின் ரத்தநீரை 24 பேரின் மாதிரிகளோடு வைத்துப் பார்த்தபோது ஒரே ஒருவருடையதோடு மட்டும் கோடு விழுந்தது. அந்த ஒருவர் ஆஸ்திரேலியப் பூர்வகுடி! நியூயார்க்குக்கும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டு 1965-ல் வெளியிட்டார்கள். அமெரிக்கர்களிடம் அது மிக அரிது. ஆசியாவிலும் வெப்ப மண்டல நாடுகளிலும் தாராளமாகக் கிடைத்தது.

பரம்பரை என்று நினைத்தார்கள்

இங்கேதான் எனக்கு முக்கியமான இடம். அந்தப் பொருள் குடும்பம் குடும்பமாகக் காணப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவில் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் இருந்தது. ஆகவே இது தாய் தகப்பன் வழியாக வரும் ஒரு மரபுக் குணம், கண் நிறம் மாதிரி, என்று புளூம்பெர்க் குழுவினர் கருதினார்கள். நோபல் பரிசு வாங்கப் போகிறவர்களே அப்படி நினைத்தார்கள் என்றால், எங்கள் ஊரில் "அது அவங்க குடும்பத்து ஈரல், அப்படித்தான் இருக்கும்" என்று பேசியதில் என்ன ஆச்சரியம்?

மரபுக் குணம் என்றால் ஆயுள் முழுவதும் மாறக்கூடாது. ஆனால் 1966-ல் ஒரு நோயாளி மாறினார். முதல் பரிசோதனையில் அந்தப் பொருள் அவருக்கு இல்லை; அடுத்த முறை இருந்தது. நடுவில் அவருக்கு லேசான கல்லீரல் அழற்சி வந்திருந்தது. அடுத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஒரு பெண்ணுக்கே காமாலை வந்து, அவர் தம் ரத்தத்தையே பரிசோதித்தபோது அந்த வெள்ளைக் கோடு விழுந்தது. அது மரபுப் பொருள் அல்ல, ஒரு கிருமியின் மேலுறை என்பது 1967-68-ல் தெளிவானது. 1970-ல் லண்டனில் டேவிட் டேன் என்பவர் மின்னணு நுண்ணோக்கியில் முழு வைரஸையும் பார்த்துவிட்டார். ரத்த வங்கிகளில் பரிசோதனை வந்தது. கல்லூரி முகாமில் எனக்கு வந்த கடிதத்தின் மூலம் அதுதான். 1976-ல் புளூம்பெர்க் நோபல் பரிசு பெற்றார்.

மனிதரின் பரம்பரை வேறுபாட்டைத் தேடிப் போனவர் கையில் கிடைத்தது ஒரு வைரஸ். அது குடும்பத்தில் தொடர்ந்ததற்குக் காரணம் மரபணு அல்ல. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும், சின்ன வயதில் ஒரே வீட்டில் வளரும் பிள்ளைகளிடையே காயம் கீறல் வழியாகவும் தொற்றுகிறது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். வளர்ந்த பிறகு தொற்றினாலோ நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கூட நிலைப்பதில்லை. மற்றவர்கள் உடம்பு தானே விரட்டிவிடும். அதாவது என்னைப் போல நிலைத்த வைரஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதைப் 'போய் வாங்கியவர்கள்' அல்லர். தொட்டிலிலேயே வந்துவிட்டது.

மாமாவின் கதைக்கும் விடை இருக்கிறது. தைவானில் பாமர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் 22,707 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 1981-ல் முடிவை வெளியிட்டார். வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இல்லாதவர்களைவிட 200 மடங்குக்கும் மேல். பாட்டிலைத் தொடாதவனுக்கும் ஈரல் கெடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? மாமாவுக்கு இந்தப் பரிசோதனை செய்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் தங்கைக்கும் அவள் பிள்ளைகளில் இருவருக்கும் இருந்தது, அண்ணனை மட்டும் விட்டுவைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

3,182 எழுத்துகளும் பாடபேதமும்

இனி வகைக்கு வருவோம். 1979-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து விஞ்ஞானிகள் இந்த வைரஸின் முழு டி.என்.ஏ.வையும் படித்து வெளியிட்டார்கள். மொத்தம் 3,182 எழுத்துகள்! மனித மரபுத் தொகுதியோ சுமார் 300 கோடி எழுத்துகள். இந்த மலரில் இரண்டு பக்கத்துக்குள் வைரஸின் முழு 'டிராயிங்'கையும் அச்சடித்துவிடலாம். அதிலும் சிக்கனம்: நான்கு மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரே எழுத்து இரண்டு மரபணுக்களுக்கு வேலை செய்கிறது. இப்படி ஒரு வடிவமைப்பை நம் பேராசிரியர்களிடம் கொண்டுபோய்க் காட்டினால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

ஆனால் ஒரு குறை. தன்னைப் படியெடுக்கும்போது பிழை திருத்தும் வசதி அதற்கு இல்லை. ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை எழுத்துப் பிழைகள் சேர்கின்றன.

ஏட்டுச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி நம் நெல்லைக்கும் வந்தவர். ஒரே நூலின் பல பிரதிகளை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்ப்பார். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அவை இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து எழுதப்பட்டவை என்று கொள்ளலாம். வைரஸுக்கும் இதே கணக்குத்தான். பிழைகளை ஒப்பிட்டுப் பார்த்து எது எதற்கு அண்ணன், எது பங்காளி என்று வம்சம் வரைந்துவிடலாம்.

1988-ல் ஜப்பானில் ஒகாமோட்டோ குழுவினர் 18 முழுப் பிரதிகளை ஒப்பிட்டார்கள். அவை நான்கு கூட்டமாகப் பிரிந்தன. ஒரு கூட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் நூற்றுக்கு 8 எழுத்துகளுக்குக் குறையாத வித்தியாசம். அதாவது சுமார் 250 எழுத்துகள். அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிட்டார்கள். 1994-ல் ஈ, எஃப் சேர்ந்தன. 2000-ல் ஜி, 2002-ல் ஹெச். பிறகு ஐ, ஜே என்று மேலும் இரண்டைச் சேர்க்கலாம் என்ற கருத்தும் வந்தது.

எந்த ஊருக்கு எந்த வகை?

உலகப் படத்தை விரித்து இந்த எழுத்துகளைக் குறித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பி, சி இரண்டும் கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும். டி மத்தியதரைக்கடல் ஓரத்திலிருந்து மேற்கு ஆசியா வழியாக இந்தியா வரை. ஏ ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும். அதன் ஆப்பிரிக்க-ஆசியக் கிளை இந்தியாவிலும். ஈ மேற்கு ஆப்பிரிக்காவில். எஃப், ஹெச் அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளிடம். நம் நாட்டில் அதிகம் காணப்படுவது டி, அடுத்தது ஏ, கிழக்கிலும் வடகிழக்கிலும் சி-யும் உண்டு. ஆக, என் வைரஸ் ஊர் வழக்கத்துக்கு மாறானது ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி சாதாரண 'டி'.

நம் நாட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் அந்தமான் நிகோபார் தீவுகள். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மையத்தார் அங்குள்ள பழங்குடியினரிடையே இந்த வைரஸ் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். ஜாரவா மக்களில் பாதிப்பேருக்கும் மேல்! 2005-ல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, நிகோபாரியர் முதலிய மற்றப் பழங்குடியினரிடம் இருந்தது டி. அதிலும் நிகோபாரியருடையது இந்தியப் பெருநிலத்தின் டி-யோடு நெருக்கமானது. ஜாரவாக்களிடம் இருந்ததோ சி, தென்கிழக்கு ஆசிய உறவு. ஒரே தீவுக்கூட்டத்தில் இரண்டு வெவ்வேறு வம்சம். வெளியாரோடு கலக்காமல் வாழ்ந்த ஜாரவாக்களை "எங்கே போய் வாங்கினீர்கள்?" என்று யார் கேட்க முடியும்?

இதன் பழமையும் சாதாரணமல்ல. நேப்பிள்ஸ் நகரத் தேவாலயம் ஒன்றில் 16-ஆம் நூற்றாண்டுக் குழந்தையின் பதப்பட்ட உடல் கிடைத்தது. தோலில் இருந்த தடிப்புகளைப் பார்த்துப் பெரியம்மை என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். 2018-ல் டி.என்.ஏ.வைப் படித்தபோது அங்கே இருந்தது ஹெபடைடிஸ் பி; அதுவும் டி வகை! அதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. 400 வருஷத்துக்கு முந்தைய இத்தாலியக் குழந்தை ஒன்று எனக்குத் தூரத்து உறவாகிவிட்டது போல் இருந்தது. 2021-ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் பழைய எலும்பு, பற்களிலிருந்து 137 வைரஸ் பிரதிகளைச் சேர்த்திருந்தார்கள். மிகப் பழையது சுமார் 10,500 ஆண்டு. ஐரோப்பாவில் விவசாயிகள் பரவியபோது அவர்களோடு வந்த வைரஸ் கிளை ஒன்று ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் நிலைத்திருந்து, பிறகு அனேகமாக மறைந்தே போயிருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கையில் முத்து வாங்க வந்த மேற்கத்தியக் கப்பல்காரர்கள்தான் டி-யைக் கொண்டுவந்து சேர்த்தார்களோ? கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்று கிடையாது. நம்மைப் போன்ற வெப்பப் பிரதேசத்தில் பழைய டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். அளக்காமல் டிராயிங்கில் அளவு போடக்கூடாது என்று நம் கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததை இங்கேயும் கடைப்பிடிக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வைரஸின் வகை மனிதரின் ஜாதி அடையாளம் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று எங்கும் காணப்படும் ஈ வகை, அங்கிருந்து அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியாரிடம் மிக அரிது. ஆகவே அடிமைக் கப்பல்கள் போன பிறகே அந்த வகை ஆப்பிரிக்காவில் இவ்வளவு பரவியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மனிதர் ஒரு வழியில் போக, வைரஸ் வேறு வழியிலும் போகும்.

ஆச்சியின் கீழாநெல்லி

கீழாநெல்லியை விட்டுவிட்டால் ஆச்சி கோபித்துக்கொள்வாள். 1964-லேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி அமைந்த ஊர் நம் பாளையங்கோட்டை. இங்கே இருந்துகொண்டு அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

1988-ல் உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. எஸ்.பி.தியாகராஜன் தலைமையில் நடந்த அதில் சாட்சாத் புளூம்பெர்க்கும் ஓர் ஆசிரியர்! வைரஸ் உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்துப் பார்த்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்துவிட்டது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே நம் கொல்லைப்புறச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மற்ற இடங்களிலும் அப்படியே. செடி வேறா, மண் வேறா, வைரஸின் வகை வேறா என்றெல்லாம் கேட்கலாம். ஆனால் பல ஆய்வுகளையும் சேர்த்து 2011-ல் செய்த காக்ரேன் மதிப்பீடு, நிலைத்த வைரஸைக் கீழாநெல்லி போக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

பின்னே, ஊரில் எத்தனையோ பேருக்குக் காமாலை இறங்கியதே? இறங்கியது உண்மை. தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் 'பி'யும் பெரும்பாலும் அப்படியே. அந்தச் சில வாரங்களில் எதைக் குடித்தாலும் புகழ் அதற்குத்தான். ஆச்சியின் அன்பில் குறையில்லை. ஆனால் அது என் தொட்டில் வைரஸுக்கான மருந்து அல்ல. என் தம்பி மருத்துவரிடம் போகாமல் நாட்டு மருந்தோடு நான்கு வருஷம் கழித்தான். அதற்குள் அவன் ஈரலில் தழும்பு ஏறிவிட்டது. இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறான். முன்பே போயிருக்கலாம்.

வகைகள் பல, ஊசி ஒன்று

இத்தனை வகை என்றால் தடுப்பூசியும் வகைக்கு ஒன்றா? அதுதான் இல்லை! வைரஸின் மேலுறையில் ஒரு சிறு பகுதி எல்லா வகைக்கும் பொதுவானது. உடம்பு அந்தப் பகுதியைப் பழகிக்கொண்டால் ஏ முதல் ஹெச் வரை எல்லாவற்றையும் தடுத்துவிடும். பூட்டுகள் பத்து விதம், சாவி ஒன்று.

புளூம்பெர்க்கும் இர்விங் மில்மனும் 1969-லேயே தடுப்பூசிக்கு வழி சொல்லிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி. 1986-ல் ஈஸ்ட்டில் தயாரிக்கும் புது ஊசி. ஆனால் இறக்குமதி ஊசியின் விலை நம் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது. 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே அதைத் தயாரித்து விலையை இறக்கியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய வரபிரசாத் ரெட்டி மருத்துவர் அல்லர். நம்மைப் போல ஒரு பொறியாளர். சாந்தா என்பது அவருடைய தாயாரின் பெயர்.

தைவான் 1984-ல் பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. அங்கே 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 1997-ல் அறிவித்தார்கள். இந்தியாவில் 2002-ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் தொடங்கி, 2011-க்குள் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாக வந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, அதுதான் உயிர்நாடி. 2018 ஜூலை 28 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் சிகிச்சையும் இலவசம். ஜூலை 28 புளூம்பெர்க்கின் பிறந்த நாள். உலக ஹெபடைடிஸ் தினமும் அதுவே.

இருந்தும் என்ன? 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. உலக அளவில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தமக்கு இருப்பதே தெரியும். நம் சங்கத்து உறுப்பினர்களில், தடுப்பூசித் திட்டம் வருவதற்கு முன் பிறந்தவர்கள்தான் பெரும்பாலோர் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, காரணம்

பெண் பார்க்கப் போனபோது நான் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "இதுக்கு ஊசி இருக்குல்லா?" மூன்று ஊசியும் போட்டுக்கொண்ட பிறகு கல்யாணம். 2018-ல் மகள் பிறந்தாள். பிரசவ அறைக்கு வெளியே நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா வந்து, "ஊசி போட்டாச்சு சார், பயப்படாதீங்க" என்றபோது அழுதுவிட்டேன். பிறகு பரிசோதித்தோம். மகளுக்கு வைரஸ் இல்லை; எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. எத்தனை தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் கைமாறி வந்ததோ, அந்த வம்சம் என்னோடும் தம்பியோடும் முடிகிறது.

இதை இந்த மலரில் எழுதியதற்குக் காரணம் ஒரு வேண்டுகோள். இந்த ஒன்றுகூடல் நாளில் சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனையும், வைரஸும் இல்லை எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்பவர்களுக்குத் தடுப்பூசியும் ஏற்பாடு செய்யலாமா? முடிவைத் தனியாக, ரகசியமாகக் கொடுக்க வேண்டும். செலவில் என் பங்கை நான் தருகிறேன்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விடுதியில் யாருக்காவது என்னைப் போல ஒரு கடிதம் வந்தால், கூடச் சாப்பிடுங்கள், கூட விளையாடுங்கள், அதனால் ஒட்டாது. பிளேடையும் பிரஷையும் மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஊசி போட்டுக்கொண்டு, அவனை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

"எங்கலே போயி வாங்கிட்டு வந்த?" என்று அன்று கேட்ட நண்பனும் இந்த ஒன்றுகூடலுக்கு வருகிறான். மக்கா, பதில் தெரிஞ்சுபோச்சு. எங்கேயும் போகலை. பிறந்தப்பவே கூட வந்தது. நீ டெஸ்ட் பண்ணியாச்சா?